பியான்சேவிடம் மட்டும் ஏன் பட்டா கேட்கிறார்கள்?

2024 பிப்ரவரியில் பியான்சேவின் 'டெக்சாஸ் ஹோல்டெம்' பாடலை ஒலிபரப்பச் சொல்லி, அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலுள்ள ஒரு வானொலி நிலையத்துக்கு ரசிகர் ஒருவர் எழுதினார். இது கன்ட்ரி இசை நிலையம், பியான்சே பாடல்களைப் போடுவதில்லை என்று பதில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் போட்டார்கள். அதே மாதம் பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் அந்தப் பாடல் முதலிடம் பிடித்தது. ஒரு கறுப்பினப் பெண் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை.

பியான்சே டெக்சாஸின் ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம்தான் 'உனக்கும் கன்ட்ரிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறார்கள். பென்சில்வேனியாவில் பிறந்த டெய்லர் ஸ்விஃப்ட் கன்ட்ரியில் தொடங்கி, 2014இல் '1989' ஆல்பத்தோடு முழுக்க பாப் பக்கம் போனார். அதற்குப் பெயர் வளர்ச்சி. எதிர்த்திசையில் ஒரு கறுப்பினப் பெண் நடந்தால் அத்துமீறல். இந்தக் கணக்கு நமக்கு ஒன்றும் புதிதல்ல.

சரி, இசை யாருடையது? கன்ட்ரியின் அடையாளமான பாஞ்சோ, அடிமைகளாகக் கடத்தி வரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வழி வந்த கருவி. கன்ட்ரியின் பிதாமகர்களில் ஒருவரான ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் இசை சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பேய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். 1920களில் இசைத்தட்டு கம்பெனிகள் கறுப்பர்கள் பாடியதை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றும், தெற்கத்தி வெள்ளையர்கள் பாடியதை 'ஹில்பில்லி' என்றும் பிரித்து விற்றன. வியாபாரி போட்ட வேலிதான் இன்று மரபு என்று மிரட்டுகிறது.

'அவர் பெரும் பணக்காரி, அவருக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்?' என்கிறார்கள் சில தோழர்கள். வருந்த வேண்டாம். லிண்டா மார்ட்டெல்லைத் தெரிந்துகொள்ளுங்கள், போதும். 1969இல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண். ஊர் ஊராகப் பாடப் போனபோது கூட்டத்திலிருந்து இனவெறி வசவுகள் பறந்தன. அவர் பாடலை வெளியிட்ட கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்'. அடிமைகள் உழைத்துச் செத்த தோட்டத்தின் பெயரை ஒட்டி, ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலை விற்றார்கள்! 1970இல் வந்த ஒரே ஆல்பத்தோடு அவரது கன்ட்ரி வாழ்க்கை முடிந்தது. பின்னாளில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். 2024இல் தனது 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தில் பியான்சே அவரைப் பேச வைத்தபோது அவருக்கு வயது 82. இந்த ஒன்றுக்காகவே அந்த ஆல்பத்தைக் கொண்டாடலாம்.

அந்த ஆண்டு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதுகளில் அந்த ஆல்பத்துக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. 2025 பிப்ரவரியில் கிராமியின் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருது அதற்குக் கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் அந்த விருதையே இரண்டாகப் பிரித்து அறிவித்தார்கள்: பாரம்பரிய கன்ட்ரி, சமகால கன்ட்ரி. ஏற்கெனவே இருந்த கோரிக்கைதான் என்று விளக்கமும் சொன்னார்கள். இருக்கட்டும். 'பாரம்பரிய' நாற்காலியில் யார் யாரை உட்கார வைக்கிறார்கள் என்று பார்க்கத்தானே போகிறோம்.