மாத்திரை மாற்றிய முதல் மாதம்!

ரத்தக் கொதிப்பு மாத்திரை பல கோடிப் பேரின் உயிரைக் காக்கிறது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே மாத்திரையை மிகவும் தளர்ந்துபோன முதியவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? மேல்நாட்டு டாக்டர்கள் இப்போது இதை ஆராய்கிறார்கள்.

நம் ஊரில் "நர்சிங் ஹோம்" என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அப்படி அல்ல. தாமாக எழுந்து நடமாட முடியாதவர்களும், மறதி நோய் உள்ளவர்களும் ஆண்டுக்கணக்கில் தங்கும் விடுதி அது.

முன்னாள் ராணுவத்தாருக்காக அமெரிக்க சர்க்கார் நடத்தும் விடுதிகளில் இருந்த 29,648 முதியவர்களின் குறிப்புகளை டாக்டர்கள் அலசினார்கள். முடிவு 2024-ல் வெளிவந்தது. புதிதாக ரத்தக் கொதிப்பு மாத்திரை தொடங்கியவர்களுக்கு, அடுத்த 30 நாளில் எலும்பு முறியும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது! மறதி நோய்க்காரர்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல்.

மாத்திரை எலும்பை முறிக்குமா?

முறிக்காது. ஆளை விழவைக்கும். படுத்திருப்பவர் எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். வாலிபருக்கு ரத்தக் குழாய்கள் உடனே இறுகி, ரத்தத்தை மேலே தள்ளிவிடும். முதியவருக்கு இது மெதுவாக நடக்கும். மாத்திரையும் சேர்ந்து குழாயைத் தளர்த்தினால் கேட்கவா வேண்டும்? கண் இருட்டுகிறது. விழுகிறார்.

அப்படியானால் நிறுத்திவிடலாமா?

பிரான்சில் இதையும் சோதித்துப் பார்த்தார்கள். விடுதிகளில் இருந்த 80 வயதும் அதற்கு மேலும் ஆன 1,048 பேர். எல்லோருக்கும் மேல் அளவு 130-க்குக் கீழே. பாதிப் பேருக்கு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2025-ல் முடிவு வந்தது. சாவு குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

ஆகவே, மாத்திரை எத்தனை என்பது மட்டும் கேள்வி அல்ல. மாற்றிய பிறகு யார் கவனிக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. அமெரிக்கச் சட்டப்படி, விடுதியில் உள்ள ஒவ்வொருவரின் மருந்தையும் மருந்தாளர் மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் நடுராத்திரியில் கக்கூசுக்கு எழுந்திருப்பவரை மருந்தாளரா பார்க்கிறார்? பணிப்பெண்தான் பார்க்கிறாள்.

கவனிப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். முதலில் படுக்கவைத்து அளக்க வேண்டும். பிறகு எழுந்து நின்ற 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

விழுங்கத் தெரியாதவருக்கு மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலப்பது வழக்கம். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் மாத்திரையாக இருந்தால், இது ஆபத்து! முழு மருந்தும் ஒரே சமயத்தில் உடம்பில் இறங்கிவிடும். பொடிக்கலாமா என்று முதலில் கேட்க வேண்டும்.

சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதும் கெடுதல். அட்டெனலாலை அப்படி நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். குளோனிடினை நிறுத்தினால் கொதிப்பு முன்னைவிட அதிகமாக ஏறும். குறைப்பதானாலும் டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

பெற்றோரை விடுதியில் விட்டிருப்பவர்கள் பார்க்கப் போகும்போது, "சாப்பிட்டாரா?" என்று கேட்கிறார்கள். "மாத்திரையைக் கடைசியாக எந்தத் தேதியில் மாற்றினீர்கள்? அதற்குப் பிறகு நிற்கவைத்து அளந்தீர்களா?" என்றும் கேட்கலாம்.