தூரிகை எழுத்துக்கு உரிய இடம்

திருவொற்றியூர்த் தியாகராசர் கோவிலின் கற்சுவர்களில் சோழர்காலத் தமிழ் உளியால் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகளில் தூரிகையால் தீட்டிய பெயர்கள் மின்னுகின்றன. இரண்டும் தமிழே, கருவி மாறியதால் எழுத்தின் தோற்றம் மாறிற்று. எழுத்தாணி வளைவைத் தந்தது. அச்சு ஒழுங்கைத் தந்தது. தூரிகையோ துள்ளலைத் தந்தது. அழுத்துமிடத்தில் தடித்தும் எடுக்குமிடத்தில் மெலிந்தும் ஓடும் அந்தக் கோட்டில் வரைந்த கையின் வேகம் தெரிகிறது.

இத்துள்ளலை அச்செழுத்தாக்கும் முயற்சி புதிதன்று. 1942இல் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்மித் ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ எழுத்துருவை வடிவமைத்தார்; 1953இல் பிரான்சில் ரோஜே எக்ஸ்கோபோனின் ‘மிஸ்ட்ரால்’ வெளிவந்தது. இன்று தமிழிலும் கணினி வழியே தூரிகைச் சாயல் எழுத்துருக்கள் பெருகியுள்ளன. அவற்றை எங்குப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

கடைப்பலகை, விழா அழைப்பிதழ், சிறுவர் நூலின் அட்டை ஆகியவற்றில் சில சொற்களே பெரிதாக நிற்கும். அங்குத் தூரிகை எழுத்து கண்ணை ஈர்க்கும். அதையே பக்கம் முழுதும் நிரப்பினால் வாசிப்புத் தளரும். அதனினும் பெரிய இடர் பொருள் மயக்கம். ‘எரி’ என்பதையும் ‘ஏரி’ என்பதையும் வேறுபடுத்துவது ஒரு சிறு கீற்றே. ‘பல்’, ‘பல’ ஆகியவற்றைப் பிரிப்பது ஒரு புள்ளியே. தூரிகையின் வீச்சில் அவை மறைந்துவிடக்கூடும். எரிபொருள் ஊர்திகள் ஓயாது செல்லும் எண்ணூர்ச் சாலையில், எச்சரிக்கைப் பலகைக்கு அழகைவிடத் தெளிவே உயிர்காப்பு. படகின் பெயர் துள்ளலாம்; அதன் பதிவெண் துள்ளக்கூடாது.

எழுத்துரு வந்தால் ஓவியரின் பிழைப்பு போய்விடும் என்பர் சிலர். அந்த அச்சம் பொருளற்றதன்று. பிளக்ஸ் பதாகைகள் வந்தபின் சுவரெழுத்து ஓவியர் பலர் வேலையிழந்தனர். ஆயினும் அதற்கு மாற்றுவழியும் உண்டு. தில்லிக் கலைஞர் ஹனிப் குரேஷி தெரு ஓவியர்களின் எழுத்துகளைத் திரட்டி, அவர்கள் பெயரிலேயே கணினி எழுத்துருக்களாக்கினார். வடசென்னைப் படகெழுத்துக்கும் அத்தகைய முயற்சி தேவை. ஓவியரின் பெயரும் ஊதியமும் அதில் உறுதிசெய்யப்பட வேண்டும்.

ஓவியர் வரையும் இரண்டு ‘அ’கரங்கள் ஒருபோதும் அச்சொத்து அமைவதில்லை, எழுத்துருவிலோ ஒரே வடிவமே திரும்பத் திரும்ப வரும். ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்கள் அமைத்தால் இக்குறை ஓரளவு நீங்கும். அவ்வடிவங்களைக் கற்பனையில் தேடுவதைவிடக் காசிமேட்டுப் படகுகளில் தேடுவதே நன்று. கையின் இயல்பை அறிந்து, சொல்லின் பொருளைக் காத்து, இடமறிந்து பயன்படுத்தினால் தூரிகை எழுத்து தமிழுக்கு அணியாகும்.