பேட்டரி தீர்ந்தா பாட்டும் தீர்ந்துடுமா?

அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப் எந்த ஊர்லன்னு பேச ஆரம்பிச்சாச்சா மக்களே? ஏழு நாள் கேம்ப். மரக்கன்று நடுவோம், தெருவைக் கூட்டுவோம், கடைசி நாள் அங்கன்வாடிக் குட்டீஸுக்கு கிஃப்ட் கொடுத்து ஒரு குரூப் போட்டோ... இதுதானே நம்ம ஃபார்முலா? அந்த கிஃப்ட் மேட்டர்லதான் இந்த வாரம் ஒரு ரிக்வெஸ்ட்.

வழக்கமா நாம வாங்குறது, பட்டனைத் தட்டினா தானாப் பாடுற குட்டிப் பியானோ. பார்க்க சூப்பர்தான். ஆனா, அதுல குழந்தைக்கு என்ன வேலை? மெதுவா அமுக்கினாலும், ஓங்கி அமுக்கினாலும் அதே பாட்டு, அதே சத்தம். பேட்டரி தீர்ந்ததும் பியானோ பீரோ மேல ஏறிடும்.

நம்ம நெல்லைச் சீமை கிலுகிலுப்பையைப் பாருங்க. பனை ஓலையில முடைஞ்ச குட்டிப் பெட்டி, உள்ளே நாலு சின்னக் கல்லு. அவ்வளவுதான் மெஷின்! மெதுவா ஆட்டினா ஒரு சத்தம், வேகமா ஆட்டினா வேற சத்தம். 'நான் இப்படிச் செஞ்சா இப்படிக் கேக்குது'ன்னு குழந்தையே கண்டுபிடிக்கும். தாளத்துக்கு அதுதான் முதல் பாடம்.

கொஞ்சம் பெரிய வாண்டுகளுக்கு பூவரசு இலை பீப்பீ. இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசா நசுக்கி ஊதினா, அந்த ரெண்டு மடிப்பும் அதிர்ந்து சத்தம் வரும். நாதஸ்வரத்துல சீவாளி செய்யறதும் இதே வேலைதான். செலவு? ஜீரோ!

இதெல்லாம் பட்டிக்காட்டு விளையாட்டுன்னு நினைச்சுடாதீங்க. ஜெர்மனி இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், குழந்தைகளுக்கான இசைப் பாடத்தை 1950-ல இருந்து தொகுதி தொகுதியா வெளியிட்டார். கைதட்டு, ஆட்டம், பேச்சு, தட்டுற கருவிகள்... இதுல இருந்துதான் அவர் பாடமே ஆரம்பிக்குது. கேக்குறதுக்கு முன்னாடி செய்யணும், அதான் பாயின்ட்.

சரி, யாருக்குக் கொடுக்கலாம்? மாஞ்சோலையை நினைச்சுப் பாருங்க. சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 1929-ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம். 2024-ல கம்பெனி வேலையை முடிச்சுக்கிறதா சொல்லி, தொழிலாளர்களை விருப்ப ஓய்வு வாங்கிக்கச் சொன்னுச்சு. தலைமுறை தலைமுறையா மலையில இருந்த குடும்பங்கள் பல கீழே இறங்கிடுச்சு. பழகின வீடு, ஸ்கூல், கூட்டாளிங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்த பிள்ளைங்களுக்குப் புது ஊர்ல முதல்ல வேணும்கிறது ஃப்ரெண்ட்ஸ். பத்து பேர் வட்டமா உட்கார்ந்து ஒரே தாளம் போட்டா, பேர் தெரியறதுக்கு முன்னாடியே தோஸ்த் ஆகிடலாம். பட்டன் பியானோ ஒருத்தர் மடியிலதான் உட்காரும் பாஸ்.

மணிமுத்தாறு வழியா மாஞ்சோலை ஏறுற பாதைக்குப் பக்கத்துலதான் அம்பாசமுத்திரம். மரச் சொப்புச் சாமானுக்குப் பேர் போன ஊர். அந்தப் பக்கம் கேம்ப் போனா, மரத்தைக் கடைஞ்சு பொம்மை பண்றவங்ககிட்டயே நேரா வாங்குங்க. காசு அந்தக் கைக்கே போகும்.

ரெண்டே கண்டிஷன். வாங்கும்போது நல்லா ஆட்டி, இழுத்துப் பாருங்க. ஓலை பிரிஞ்சு கல்லு வெளியே வந்தா சின்னக் குழந்தை வாயில போட்டுக்கும். அப்புறம், கிஃப்டைக் கொடுத்துட்டு போட்டோவோட எஸ்கேப் ஆகாதீங்க. அரை மணி நேரம் கீழே உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து ஆட்டுங்க. தாளம் தப்பினா குட்டீஸ் சிரிப்பாங்க... சிரிக்கட்டுமே!