பேய் சம்பாதித்த காசு யாருக்குப் போனது?

'வெறும் 15,000 டாலரில் எடுத்த படம்… வசூல் 19 கோடி டாலர்!' இப்படித் தலைப்பு போட்ட யூடியூப் வீடியோ ஒன்றாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற அமெரிக்கப் பேய்ப் படத்தைப் பற்றியது. கணக்கு பொய்யில்லை. ஆனால், கல்யாண வீட்டு மொய்க் கவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, 'மாப்பிள்ளைக்கு இவ்வளவு லாபம்' என்று சொல்வது மாதிரியான கணக்கு அது. மண்டப வாடகை, பந்திச் செலவு எல்லாம் யார் கொடுத்தது? அதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

ஓரன் பெலி ஒரு கம்ப்யூட்டர் கேம் புரோகிராமர். சினிமா படித்தவர் இல்லை. சான் டியேகோவில் இருந்த தன் சொந்த வீட்டிலேயே 2006-ல் ஏழு நாளில் படத்தை எடுத்து முடித்துவிட்டார். படுக்கையறையில் ஒரு கேமரா, தூங்கும் ஒரு ஜோடி, தானாக அசையும் கதவு. மொத்தப் பேயும் அவ்வளவுதான். நடித்த இருவருக்கும் முதலில் கிடைத்த சம்பளம் தலா 500 டாலர். ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் இதை வாங்கியபோது அவர்களுக்கு இருந்த எண்ணமே வேறு. பெரிய பட்ஜெட்டில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் வாங்கினார்கள். சோதனைக் காட்சியில் ஆட்கள் பாதியில் எழுந்து போனார்கள். படம் பிடிக்கவில்லை போல என்று பார்த்தால், பயம் தாங்காமல் போயிருக்கிறார்கள்! அப்புறம்தான் இதையே வெளியிடுவது என்று முடிவானது.

2009 செப்டம்பரில் கல்லூரிகள் இருக்கும் ஒரு டஜன் ஊர்களில் மட்டும் நள்ளிரவுக் காட்சி போட்டார்கள். 'உங்கள் ஊருக்கும் வேண்டுமா? இணையத்தில் கேளுங்கள். 10 லட்சம் பேர் கேட்டால் நாடு முழுக்க வெளியிடுகிறோம்' என்று அறிவித்தார்கள். கேட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலரைத் தாண்டியது வசூல்.

இந்த விளம்பரம், இந்த ஏற்பாடு, ஆயிரக்கணக்கான தியேட்டர்களுக்குப் படத்தை அனுப்பிய செலவு எதுவும் அந்த 15,000 டாலருக்குள் இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, ஹாலிவுட்டில் சின்னப் படங்களின் கதை அப்படியே அதுதான். இங்கே சுமைகூலி பல கோடி!

'கிராஸ்' வேறு, 'ஷேர்' வேறு என்பது தமிழ் சினிமாச் செய்தி படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் அதேதான். டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கு. மீதி வருவதில் விநியோகஸ்தர் முதலில் தன் கமிஷனை எடுப்பார், அப்புறம் விளம்பரச் செலவை எடுப்பார். அதற்குப் பிறகு சட்டியில் மிஞ்சுவதைத்தான் ஒப்பந்தத்தில் 'லாபம்' என்று எழுதியிருப்பார்கள். படம் எடுத்தவர் அதற்கு முன்பே ஒரு தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், சட்டி நிரம்பினாலும் அவருக்கு ஒன்றும் இல்லை.

விநியோகஸ்தரை வில்லனாக்கிவிட வேண்டாம். ஒரு பேய்ப் படம் ஓடினால், தியேட்டர் பக்கமே வராமல் போன படங்கள் எத்தனையோ இருக்கும். அந்த நஷ்டத்தையும் யாரோ ஒருவர்தான் சுமக்கிறார்.

சரி, ஏன் பேய்ப் படத்தில் மட்டும் இந்த லாட்டரி அடிக்கடி விழுகிறது? நட்சத்திரம் தேவையில்லை என்பதுதான் முதல் காரணம். சொல்லப்போனால், நட்சத்திரம் இருந்தால் இடைஞ்சல். தெரிந்த முகம் என்றால், 'இவர் கிளைமாக்ஸ் வரைக்கும் சாக மாட்டார்' என்று நமக்கே தெரிந்துவிடும், பயம் வராது. மங்கலான படம், ஆடும் கேமரா எல்லாம் மற்ற படங்களில் குறை, இங்கே நிஜம் மாதிரி இருக்கிறது என்ற பெயர். இன்னொன்று, தனியாகப் பார்க்கப் பயம். அதனால் ஒருவர் போகிற இடத்துக்கு நாலு டிக்கெட் எடுக்கிறார்கள்!

இந்த லாட்டரியில் சரியாகச் சீட்டு வாங்கியவர் ஜான் கார்பென்டர். 1978-ல் வந்த 'ஹாலோவீன்' மூன்று லட்சத்துச் சொச்சம் டாலரில் எடுத்த படம். கொலைகாரனின் அந்தப் பிரபலமான முகமூடியே, 'ஸ்டார் டிரெக்' கேப்டன் வேடத்தில் நடித்த வில்லியம் ஷாட்னரின் முகத்தை வைத்துச் செய்த மலிவான கடைச் சரக்கு. அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டார்கள். எழுத்து, இயக்கம், இசை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கார்பென்டர் வாங்கிய சம்பளம் 10,000 டாலர். ஆனால் கூடவே லாபத்தில் 10 சதவிகிதம் என்று எழுதி வாங்கினார். படம் உலக அளவில் சுமார் 7 கோடி டாலர் வசூலித்தது. சம்பளத்தைக் குறைத்துப் பங்கைக் கேட்ட அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் பங்கு பேசிவிட்டால் மட்டும் போதுமா? டேமியன் லியோனின் 'டெரிஃபையர்' வரிசையைப் பாருங்கள். (பார்க்கச் சொல்லவில்லை, ரத்தம் ஆறாக ஓடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் டிரெய்லர்கூட வேண்டாம்.) பெரிய ஸ்டுடியோ துணை இல்லாமல், ரசிகர்களிடம் இணையத்தில் பணம் திரட்டி இரண்டாம் பாகத்தை எடுத்தார்கள். 2024-ல் வந்த மூன்றாம் பாகம் 20 லட்சம் டாலர் செலவில் தயாராகி, உலகம் முழுக்க 9 கோடி டாலரை நெருங்கியது. அதே வார இறுதியில் கோடிகளைக் கொட்டி எடுத்த 'ஜோக்கர்' இரண்டாம் பாகத்தையே பின்னுக்குத் தள்ளியது. ஸ்டுடியோ இல்லாதவர்களின் வெற்றி என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டே, முதல் பாகத்தில் நடித்த கேத்தரின் கோர்கோரன் நீதிமன்றம் போனார். குறைந்த சம்பளத்துக்கு ஈடாக லாபத்தில் 1 சதவிகிதம் தருவதாகப் பேச்சு, அது ஒழுங்காக வரவில்லை என்பது அவர் புகார். எதிர்த்தரப்பு மறுக்கிறது. தீர்ப்பு சொல்வது நம் வேலையில்லை. ஆனால் எந்தப் பாகத்தின் லாபத்தில், எந்தச் செலவு போக என்று எழுதாத 1 சதவிகிதம் பின்னாளில் வழக்கில்தான் வந்து நிற்கிறது.

எழுத்தில் இருந்த ஒரே ஒரு வரி காணாமல் போய், மொத்தப் படமும் கைவிட்டுப் போன கதையும் உண்டு. 1968. ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க்கில் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கி, சுமார் 1,14,000 டாலரில் முடித்த படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. இன்றைக்கு நாம் பார்க்கிற, செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்னும் ஜாம்பி படங்களுக்கெல்லாம் மூத்தது இதுதான். படத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு. விநியோக நிறுவனம் பெயரை மாற்றியது. பழைய டைட்டில் கார்டில் காப்புரிமை அறிவிப்பு இருந்தது. புதிய கார்டில் அதைப் போட மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, அறிவிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமை போச்சு. படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், திரையிடலாம், வீடியோ போட்டு விற்கலாம். விற்றார்கள். இன்றுவரை விற்கிறார்கள். உலகம் முழுக்க ஓடிய படத்தில் எடுத்தவர்களுக்கு வந்தது கொஞ்சம்தான்.

இத்தனையையும் தாண்டி என் மனதில் நிற்பது 'பிளேர் விட்ச் புராஜெக்ட்'தான். காரணம், இங்கே போனது பணம் மட்டும் இல்லை.

1997 அக்டோபரில், மேரிலாந்து மாநிலக் காட்டுக்குள் ஹெதர் டோனஹ்யூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோஷுவா லியனார்ட் என்ற மூன்று இளைஞர்களை இயக்குநர்கள் டேனியல் மைரிக்கும் எடுவார்டோ சாஞ்செஸும் அனுப்பினார்கள். எட்டு நாள். வசனம் கிடையாது. அன்றன்றைக்கு என்ன நடக்க வேண்டும் என்று சின்னச் சின்னக் குறிப்புகள் மட்டும். சாப்பாட்டை நாளுக்கு நாள் குறைத்தார்கள். கேமராவை இயக்கியதும் நடிகர்களேதான். அதாவது நடிப்பு, ஒளிப்பதிவு, வசனம் மூன்றும் அவர்களுடையவை. பாத்திரங்களுக்கு வைத்த பெயர்களும் அவர்களின் சொந்தப் பெயர்களே.

1999 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் ஆர்டிசன் நிறுவனம் 11 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. 'இது கதையல்ல, காணாமல் போனவர்கள் எடுத்த நிஜ ஃபிலிம்' என்பதுதான் விளம்பரமே. 'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டினார்கள். இணையத்தில் அந்த மூவரும் இறந்திருக்கலாம் என்று பதிவானது. உயிரோடு இருப்பவர்களைப் பேட்டிக்கு அனுப்பினால் வித்தை கலைந்துவிடும் என்பதால் அவர்களை வெளியே காட்டவில்லை. ஹெதரின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன! எந்தத் தாய்க்கு வர வேண்டிய தபால் இது?

ஜூலையில் படம் வெளியானது. அமெரிக்காவில் 14 கோடி டாலர், உலகம் முழுக்க கிட்டத்தட்ட 25 கோடி டாலர். அமெரிக்க வசூல் 10 கோடியைத் தொட்டபோது நடிகர்களுக்கு நிறுவனத்திடமிருந்து வந்தது ஒரு பழக்கூடை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது வயலுக்குச் சொன்னது. இவர்களுக்கு உழக்குக்குப் பதில் கூடை. படம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்கேல் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டார். தங்கள் பெயரைப் பயன்படுத்தியதற்காக மூவரும் வழக்குத் தொடுத்தார்கள். அது சில ஆண்டுகளில் சமரசத்தில் முடிந்தது. ஹெதர் பின்னாளில் தன் பெயரையே சட்டப்படி மாற்றிக்கொண்டார். இப்போது அவர் ரே ஹான்ஸ்.

விற்ற இயக்குநர்களுக்கு விலை என்று ஒன்றாவது பேசப்பட்டது. நடிகர்களின் பெயருக்கும் முகத்துக்கும் யாரும் விலை பேசவே இல்லை. எத்தனை பேர் பயந்தார்களோ, அத்தனை பேரும் அந்த மூன்று பெயர்களை நம்பித்தான் பயந்தார்கள். பேயை ஒரு காட்சியில்கூடக் காட்டாத படம் அது. திரையில் பெரும்பாலும் இருந்தது அந்த மூவர்தான்.

உரிமை பிற்பாடு லயன்ஸ்கேட் நிறுவனத்திடம் போனது. 2024 ஏப்ரலில் அவர்கள் புதிய 'பிளேர் விட்ச்' படத்தை அறிவித்தார்கள். சில நாட்களிலேயே மூன்று நடிகர்களும் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். பழைய இயக்குநர்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கடிதத்தில் மூன்று கோரிக்கைகள். இதுவரைக்கும் இனிமேலுக்கும் சேர்த்து, நடிகர்களுக்கு நியாயமாக வர வேண்டிய தொடர் ஊதியம் வேண்டும். எங்கள் பெயரோ உருவமோ வரும் எந்தப் புதிய முயற்சியிலும் எங்களைக் கலந்து பேச வேண்டும். மூன்றாவது அவர்களுக்காகக் கேட்டதில்லை. யாருக்கும் தெரியாத புதிய இயக்குநர் ஒருவருக்கு, இதே மாதிரிப் படம் எடுக்க, ஆண்டுதோறும் 60,000 டாலர் நிதி தர வேண்டும் என்பது அது. முதல் படத்துக்கு ஆன செலவு அவ்வளவுதான் என்று கடிதத்திலேயே குறித்திருந்தார்கள்.