6 வயது காப்பீட்டின் வரம்பு, காத்திருப்பதற்கான அவகாசமன்று

தங்கள் குழந்தைக்குச் செவித்திறன் குறைபாடு உள்ளதெனப் 'பெரா' பரிசோதனை உறுதிசெய்யும்போது மனம் நம்ப மறுப்பது இயல்பே. செவித்திறன் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரின் பெற்றோர் நன்கு கேட்பவர்கள். அவர்களுக்கு இது முற்றிலும் புதிய அனுபவம்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் 6 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. இவ்வரம்பைக் கண்டு, இன்னும் நாளிருக்கிறது எனச் சிலர் எண்ணிவிடுகின்றனர். "அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று உறவினர் கூறும் ஆறுதலும் சேர்ந்துகொள்கிறது. இது ஆபத்தான ஆறுதல். ஒலியை மொழியாகப் பழகும் மூளையின் திறன் முதல் மூன்று ஆண்டுகளில்தான் மிகுந்திருக்கும். எனவேதான் பிறந்த 1 மாதத்திற்குள் பரிசோதனை, 3 மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்திற்குள் இடையீடு என உலகளவில் வரையறுத்துள்ளனர். அந்நாள்கள் கடந்திருந்தாலும் இன்றே தொடங்குவது பயனளிக்கும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. பலருக்குச் செவித்துணைக் கருவியே போதும். எதுவாயினும், கருவி ஒலியை மட்டுமே தரும். மொழியைத் தருவது தொடர்பயிற்சியும் வீட்டுப் பேச்சுமே. சைகை பேச்சைத் தடுக்கும் என அஞ்ச வேண்டாம். சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் குழந்தையின் முகம் நோக்கிப் பேசுங்கள். அறிக்கைகளுடன் தங்கள் மாவட்டத்தின் ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்தை இவ்வாரமே அணுகுங்கள்.