பாதாள ரயிலும் நம்ம லெவல் ஸ்டாஃபும்



சிவகிரிக்கு ரயில் கிடையாது. ராஜபாளையத்திலிருந்து வரும் தண்டவாளம் நம்மை விட்டுவிட்டு சங்கரன்கோவில் பக்கம் திரும்பிவிடுகிறது. பொதிகையைப் பிடிக்க பஸ் ஏறணும். "இந்த லட்சணத்துல மெட்ரோ பத்தி கட்டுரை எதுக்குடா? அவங்க பூமிக்கு அடியில போறாங்க, நமக்கு மேலயே ஒண்ணையும் காணோம்" என்றான் விடுதி நண்பன்.

நியாயமான கேள்விதான். சென்னையில் 2015-ல் கோயம்பேடு - ஆலந்தூர் மேம்பாலத்தில் ஆரம்பித்தது. 2017 மே மாதம் சுரங்கத்தில் ஓடியது. 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டு 54 கி.மீ. ஆனது. இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., மதிப்பு 63,246 கோடி ரூபாய்! மதுரையும் கோவையும் கேட்டதற்கோ, 20 லட்சம் ஜனத்தொகை இல்லையென்று 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் என் ஆதங்கம் வேறு. அந்தச் சுரங்கத்துக்குள் நடப்பது முக்கால்வாசி நம்ம படிப்பு. முன்னால் வட்டத் தகடு சுழன்று மண்ணையும் பாறையையும் அரைக்க, பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டி, இடைவெளியில் கலவையை அழுத்தி நிரப்புகிறார்கள். அடியில் செயற்கைக்கோள் சிக்னல் கிடையாது. மேலிருந்து டிராவர்ஸ் இழுத்துத்தான் மிஷினுக்கு வழி காட்டணும். மேலே உள்ள கட்டடம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குதுன்னு தினமும் லெவல் எடுக்கணும். மைதானத்தில் வெயிலுக்குப் பயந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து 'ரீடிங்' தயார் பண்ணுகிறோமே, அதே லெவல்தான்!

கல்கத்தாவைப் பாருங்கள். 1984-ல் நாட்டின் முதல் மெட்ரோ, வெறும் 3.4 கி.மீ., அங்கேதான் ஓடியது. பெரும்பாலும் ரோட்டைப் பிளந்து, கட்டி, மூடிய வேலை. அவ்வளவு அனுபவமுள்ள ஊரிலேயே 2019 ஆகஸ்டில் பௌபஜாரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து, மேலே வீடுகள் விரிசல் விட்டு இடிந்தன. குடும்பங்கள் உடுத்திய துணியோடு தெருவுக்கு வந்தன. புளியமரத்தடி ரீடிங் அங்கே செல்லாது.

நாமோ 'தொழிற்சாலை விசிட்' என்று கொடைக்கானல் போய், படகு விட்டு, ஏதோ ஒரு கேட் முன்னால் போட்டோ எடுத்துத் திரும்பினோம். (நானும் அந்த போட்டோவில் இருக்கிறேன்.)

இந்த வருஷமாவது சென்னைச் சுரங்க வேலையைப் பார்க்க அனுப்பச் சொல்லி மனு எழுதியாச்சு. சிவில் மூன்றாமாண்டு வகுப்பில் இருக்கிறது. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களும் வந்து கையெழுத்துப் போடுங்கப்பா. பம்பும் காற்றாடியும் கரண்டும் இல்லாமல் அங்கே ஒரு ஆள் இறங்க முடியாது.