ஒலிவ மரமும் ஒட்டுக் கிளையும்

பெரிய வெள்ளியன்று யூதருக்காக நாம் செய்யும் மன்றாட்டில், நம்பிக்கையற்றவர் எனப் பொருள்படும் இகழ்சொல் ஒன்று முன்னாளில் இருந்தது. 1959-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் அதனை நீக்கினார். 1970-இல் வெளிவந்த திருப்பலி நூலோ, இறைவார்த்தையை முதற்கண் கேட்ட அம்மக்கள் அவரது உடன்படிக்கையில் நிலைத்து வளருமாறு மன்றாடக் கற்பித்தது.

இது புதுப்போதனையன்று. இறைவன் தம் மக்களைத் தள்ளிவிடவில்லை என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதினாரன்றோ! நாம் ஒட்டப்பட்ட காட்டு ஒலிவக் கிளைகள். நம்மைத் தாங்கும் வேர் இஸ்ராயேல். 1965-இல் வத்திக்கான் சங்கம் இதனையே நினைவூட்டிற்று. கிறிஸ்துவின் சாவுக்கு யூதர் அனைவர்மீதும் பழி சுமத்தலாகாது என்றும் உரைத்தது.

ஆபிரகாமுக்குத் தந்த வாக்கை இறைவன் மறப்பாரானால், நமக்குத் தந்த வாக்கை எங்ஙனம் நம்புவோம்? ஆகவே, இல்லத்தில் பிள்ளைகளுக்குத் திருப்பாடுகளை விளக்கும்போது, இயேசுவும் மரியன்னையும் அவ்வினத்தவரே என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக.